கிணற்றில் விழப்போகும் குழந்தை: அறம் மனித இயல்பில் இருக்கிறதா?

நீங்கள் கேட்டது இது: "கடவுள், நரகம், மறுபிறவி எதையும் நம்பாத ஒருவனுக்கு நல்லது கெட்டது என்பதற்கு என்ன அடிப்படை மிஞ்சுகிறது? அறம் மனித இயல்பிலேயே இருக்கிறதா, இல்லை நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயத்தில் பழகிக்கொண்டதுதானா?" கல்லூரியில் தத்துவ வகுப்பு எடுக்கும் எனக்கு இந்தக் கேள்வி வருடத்துக்கு ஒரு முறையாவது வந்துவிடும், அதுவும் பெரும்பாலும் வீட்டில் ஏதோ நடந்து மனசு உடைந்துபோன ஒரு பையனிடமிருந்தோ பெண்ணிடமிருந்தோ வரும், அதனால் இதைப் பொழுதுபோக்காகக் கேட்ட கேள்வியாக நான் எடுத்துக்கொள்வதில்லை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருக்கிறது, ஆனால் முளையாகத்தான் இருக்கிறது. முளையையே விளைச்சல் என்று எடுத்துக்கொண்டவர்களும், விளைச்சலைக் காணோம் அதனால் விதையே கிடையாது என்றவர்களும் இரண்டாயிரம் வருடங்களுக்கு மேலாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

முளை என்ற சொல் சீனத்துச் சிந்தனையாளர் மென்சியஸ் கொடுத்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டு, நாடுகள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருந்த காலம். அரசவை அரசவையாகப் போய், படை திரட்டிக்கொண்டிருந்த மன்னர்களிடம் உட்கார்ந்து இரக்கத்தைப் பற்றிப் பேசியவர் அவர். அவர் காட்டிய காட்சி ரொம்பச் சின்னது. ஒரு குழந்தை கிணற்றில் விழப்போகிறது, நீங்கள் தற்செயலாக அதைப் பார்த்துவிடுகிறீர்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அந்த நொடியில் யாராக இருந்தாலும் நெஞ்சு திக்கென்று ஆகும் என்கிறார். அந்தப் பெற்றோரிடம் நல்ல பெயர் வாங்கலாம் என்பதற்காகவா, இல்லை. ஊராரும் நண்பர்களும் மெச்சுவார்கள் என்பதற்காகவா, இல்லை. அலறல் காதுக்கு நாராசமாக இருக்கும் என்பதற்காகவா, அதுவும் இல்லை. இப்படி ஒவ்வொரு கதவாக அடைத்துக்கொண்டே போகிறார். கணக்குப் போட நேரமே இல்லாத ஒரு காட்சியைத் தேடிப் பிடித்திருக்கிறார் என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம்.

இதைப் படிக்கிற பலர் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். எல்லோரும் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்குவார்கள் என்று அவர் சொல்லவே இல்லை. திக்கென்று ஆகும், அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒருவன் ஓடலாம், ஒருவன் உறைந்து நிற்கலாம், இன்னொருவன் நமக்கேன் வம்பு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கலாம். அந்தத் திக் என்பதைத்தான் முளை என்றார். அதோடு வெட்கம், விட்டுக்கொடுக்கும் குணம், சரி தப்பு பிரித்தறிவது என்று இன்னும் மூன்று, ஆக நான்கு முளைகள், உடம்புக்குக் கைகால் நான்கு இருப்பதுபோல.

அடுத்த நூற்றாண்டில் வந்த இன்னொரு சீனச் சிந்தனையாளர் சூன்சி இதைச் சுத்தமாக ஒத்துக்கொள்ளவில்லை. மனித இயல்பு கெட்டது, நன்மை எல்லாம் முயற்சியால் வந்தது என்றார். வளைந்த மரத்தை ஆவியில் வாட்டிச் சட்டத்தில் கட்டித்தான் நிமிர்த்த வேண்டும், மழுங்கிய இரும்பைச் சாணை பிடித்தால்தான் கூராகும். குயவன் மண்ணைப் பிசைந்து பானை செய்கிறான், அந்தப் பானை குயவனுடைய பிறவிக் குணத்திலிருந்தா வந்தது? அதுபோல அறத்தையும் சான்றோர்கள் உண்டாக்கினார்கள் என்பது அவர் வாதம். இதை லேசாக ஒதுக்கிவிட முடியாது, பிள்ளை வளர்த்த யாரும் பாதி சூன்சிதான். ஆனால் அவரிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. முதல் குயவனுக்குப் பானை வேண்டும் என்று ஏன் தோன்றியது? அதற்கு அவரே பதில் சொல்லியிருக்கிறார்: ஆசைகளுக்கு எல்லை இல்லை, அதனால் சண்டையும் குழப்பமும் வந்தன, பழைய மன்னர்கள் அந்தக் குழப்பத்தை வெறுத்தார்கள், அதனால் நெறிகளை வகுத்தார்கள். அவர்களுக்கு அந்தக் குழப்பம் பொறுக்கவில்லை அல்லவா, மென்சியஸ் பக்கத்தில் இருந்திருந்தால் அதைத்தான் முளை என்று சுட்டிக்காட்டியிருப்பார்.

சமீபத்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2006இல் வார்னெக்கன், டொமசெல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒன்றரை வயதுக் குழந்தைகளுக்கு முன்னால் துணி காயப்போடுவதுபோல் நின்று கிளிப்பைத் தவறவிட்டு, எட்டாமல் கையை நீட்டினார்கள். குழந்தைகள் தத்தித் தத்திப் போய் எடுத்துக்கொடுத்தன. யாரும் கேட்கவில்லை, பாராட்டும் இல்லை. வேண்டுமென்றே தூக்கிப் போட்ட கிளிப்பை அவ்வளவாகச் சீண்டவில்லை, அதாவது எதிரில் இருப்பவருக்கு இது வேண்டுமா வேண்டாமா என்று அந்த வயதிலேயே பார்க்கிறது. 2008இல் அவர்கள் செய்த இன்னொரு சோதனை எனக்கு இதைவிட முக்கியம். உதவி செய்ததற்காகப் பரிசுப் பொருள் வாங்கிய குழந்தைகள், ஒன்றுமே வாங்காத குழந்தைகளைவிடப் பிறகு குறைவாகத்தான் உதவின. மென்சியஸ் சொன்ன ஒரு விவசாயி கதை இங்கே நினைவுக்கு வரும். பயிர் சீக்கிரம் வளரட்டும் என்று நாற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து மேலே இழுத்துவிட்டு, இன்றைக்குப் பயிர் வளர உதவினேன், ரொம்பக் களைப்பாக இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து சொல்கிறான். மகன் ஓடிப்போய்ப் பார்த்தால் வயலே வாடிக் கிடக்கிறது.

ஆனால் சூன்சியையும் மறந்துவிட வேண்டாம். என் அக்கா மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. தாத்தாவின் மூக்குக்கண்ணாடி கட்டிலுக்கடியில் போய்விட்டது. குப்புறப் படுத்து ஊர்ந்து போய் எடுத்துவந்து, அவர் மூக்கிலேயே வைக்கப் பார்த்தான், ஒரு பக்கம் மாட்டாமல் தொங்கியது. அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுப் பாப்பா அவன் பிஸ்கட்டைத் தொட்டதற்குக் கன்னத்தில் பிறாண்டி வைத்தான், கோடு இரண்டு நாள் இருந்தது.

சரி, முளை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இயல்பில் இருக்கிறது என்பதாலேயே அது சரியாகிவிடுமா? இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், அதிலும் பரிணாமத்தைக் கொஞ்சம் படித்துவிட்டு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைப்பவர்கள். டார்வின் 1871இல், கூடி வாழும் உணர்ச்சி நன்றாக உள்ள எந்த விலங்குக்கும் மனிதனளவு அறிவு வளர்ந்தால் அறவுணர்வு வந்தே தீரும் என்று எழுதினார். அதை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். அவரே உடனே இன்னொன்றும் எழுதினார்: மனிதர்கள் தேனீக்களைப் போன்ற சூழலில் வளர்ந்திருந்தால், மணமாகாத பெண்கள் தங்கள் சகோதரர்களைக் கொல்வதைப் புனிதக் கடமை என்று நினைத்திருப்பார்கள், தாய்மார்கள் தாங்கள் பெற்ற பெண்களையே கொல்லப் பார்ப்பார்கள், யாருக்கும் அதைத் தடுக்கத் தோன்றாது. ஆக, ஓர் உணர்ச்சி எப்படி வந்தது என்பது தெரிந்தாலும் அதன்படி நடக்க வேண்டுமா என்பது தெரிந்துவிடாது. 1740இல் வெளிவந்த ஒரு நூலில் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் இதைத்தான் பிடித்தார். 'இருக்கிறது' என்றே பேசிக்கொண்டு வருகிறவர்கள் எந்த இடத்தில் 'வேண்டும்' என்று மாறுகிறார்கள் என்று கவனியுங்கள், அந்தத் தாவலுக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்றார். இதைச் சொல்லி அவர் அறத்தைத் தள்ளிவிட்டார் என்று நினைப்பது தவறு. அதே நூலில்தான், ஒரே சுருதியில் முறுக்கிய தந்திகளில் ஒன்றை மீட்டினால் மற்றவையும் அதிர்வதுபோல ஒருவர் மனத்தின் உணர்ச்சி இன்னொருவருக்குப் போகிறது என்றும் எழுதியிருக்கிறார். அறத்தின் ஊற்று உணர்ச்சியில் இருக்கிறது, தர்க்கத்தால் மட்டும் அதைத் தோண்டி எடுக்க முடியாது என்பது அவர் நிலை. நானும் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கிறேன், ஒரு பெரிய குறையோடு.

அந்தக் குறையையும் மென்சியஸ்தான் முதலில் பார்த்தார். சீ நாட்டு மன்னன் சுவான் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறான். கீழே ஒரு எருதை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். எங்கே என்று கேட்கிறான். புதிதாக வார்த்த மணிக்கு இரத்தம் பூசிச் சடங்கு செய்ய, பலி கொடுக்கப் போகிறோம் என்கிறார்கள். அது நடுங்குவதைப் பார்த்த மன்னன், விட்டுவிடுங்கள், ஒரு குற்றமும் செய்யாதவனைக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோவது மாதிரி இருக்கிறது, என்னால் பொறுக்க முடியவில்லை என்கிறான். அப்படியானால் சடங்கை நிறுத்திவிடலாமா என்று கேட்டால், அதை எப்படி நிறுத்துவது, ஒரு ஆட்டை வைத்து முடியுங்கள் என்கிறான்! ஊர் சனங்கள், மன்னன் கஞ்சன், பெரிய மாட்டுக்குப் பதில் சின்ன ஆட்டைக் கொடுத்துவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். மன்னனுக்கே தான் ஏன் அப்படிச் செய்தோம் என்று விளங்கவில்லை. மென்சியஸ் சொன்னார்: நீங்கள் எருதைப் பார்த்தீர்கள், ஆட்டைப் பார்க்கவில்லை.

இந்த ஒரு வரி எனக்கு எத்தனையோ புத்தகங்களுக்குச் சமம். ஏன் என்றால் இது எனக்கு நடந்தது. சில வருடங்களுக்கு முன்பு அப்பாவை ஒரு மருத்துவமனையில் பொது வார்டில் சேர்த்திருந்தோம். இரண்டாம் நாள் இரவு ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். மூன்று மணி இருக்கும், யாரோ தோளை உலுக்கினார்கள். பக்கத்துக் கட்டிலில் கணவருக்குத் துணையாக இருந்த அம்மா. "தம்பி, பாட்டில் தீரப்போகுது, நர்ஸைக் கூப்பிடு" என்றார். அவரும் இரண்டு நாளாகத் தூங்காதவர், தன் கணவரையும் பார்த்துக்கொண்டு எங்கள் பாட்டிலையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். காலையில் நன்றி சொல்லப் போனேன். "கண்ணு முன்னாடி தீருது, எப்படிப் பாத்துக்கிட்டு சும்மா இருக்குறது" என்றார். அந்தக் கிணற்றடி எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அதே வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் துணைக்கு ஆளே இல்லாமல் ஒரு பெரியவர் இருந்தார், நான் கழிவறைக்குப் போகும்போதெல்லாம் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும், மூன்று நாளில் எத்தனையோ தடவை போயிருப்பேன், அவர் சாப்பாட்டுத் தட்டு மூடியபடியே ஆறிக் கிடந்ததைக் கண் பார்த்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. அந்த அம்மா டீ வாங்கப் போகும்போது அவருடைய பிளாஸ்க்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தபோதுதான் அப்படி ஒருவர் அங்கே இருப்பதே எனக்கு உறைத்தது.

இயற்கை தருகிற இரக்கம் கண் எட்டுகிற தூரம்தான் போகும். அதனால்தான் ஜெர்மன் தத்துவவாதி காண்ட் உணர்ச்சியை நம்ப மறுத்தார். 1785இல் அவர் ஒரு மனிதனைக் கற்பனை செய்யச் சொல்கிறார்: சொந்தத் துக்கத்தில் மனம் இருண்டு, பிறர் துன்பம் எதுவும் உள்ளே தைக்காத நிலையில் இருப்பவன், ஆனாலும் செய்ய வேண்டியது என்பதால் மட்டும் எழுந்து போய் உதவுகிறான். அவன் செயலுக்குத்தான் உண்மையான அற மதிப்பு என்றார். அதை நான் அப்படியே ஏற்கவில்லை, அந்த வார்டு அம்மாவின் செயலுக்கு மதிப்பு குறைவு என்று என் வாயால் சொல்ல வராது. ஆனால் இரக்கம் தீர்ந்துபோன நாளில் என்ன செய்வாய் என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி. நோயாளியை வருடக்கணக்கில் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் பேசிப் பாருங்கள், நெஞ்சில் ஈரமே மிஞ்சாத இரவுகளைப் பற்றிச் சொல்வார்கள், அப்போதும் மாத்திரை நேரத்துக்குக் கொடுத்திருப்பார்கள். "அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய் தந்நோய்போல் போற்றாக் கடை" என்ற குறளில் கடைசிச் சீர்களைப் பாருங்கள். பிறிதின் நோயை உணராவிட்டால் என்று வள்ளுவர் நிறுத்தவில்லை, போற்றாவிட்டால் என்கிறார். போற்றுவது என்றால் பேணுவது, காப்பது. வந்து போகிற உணர்ச்சியைப் பழக்கமாகவும் வேலையாகவும் ஆக்குவது. அறிவுக்கு அதுதான் பயன் என்கிறார். ஹியூமுக்கும் காண்ட்டுக்கும் நடுவில் நான் ஒரு இடம் தேடினால் அந்தச் சொல்லில்தான் போய் நிற்பேன்.

இனி கேள்வியின் மற்றப் பாதி, எதையும் நம்பாதவனுக்கு என்ன அடிப்படை மிஞ்சுகிறது என்பது. இங்கே இயல்பை விட்டுவிட்டு, மனிதன் உலகத்தில் இருக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். மனிதனுக்கு முன்கூட்டியே தீர்மானித்த இயல்பு என்று ஒன்று கிடையாது, முதலில் இருக்கிறான், அப்புறம்தான் தன்னை இன்னாராக ஆக்கிக்கொள்கிறான் என்றார் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர். 1945 அக்டோபரில் பாரிஸில் பேசியபோது தன்னிடம் வந்த ஒரு மாணவனைப் பற்றிச் சொன்னார். அண்ணன் 1940 ஜெர்மன் தாக்குதலில் செத்துவிட்டான், அப்பா எதிரிக்குச் சாய்ந்துவிட்டார், அம்மாவுக்கு இவன் ஒருவன்தான் துணை. இங்கிலாந்துக்குப் போய் விடுதலைப் படையில் சேர்வதா, அம்மாவோடு இருப்பதா? எந்தக் கொள்கையும் உனக்காகத் தீர்மானிக்காது, நீ சுதந்திரமானவன், தேர்ந்தெடு என்றார் சார்த்தர். தேர்வை யாரும் நம் தலையிலிருந்து இறக்கிவிட முடியாது என்பது வரை அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அந்தப் பையன் ஏன் தவித்தான்? அம்மாவின் தனிமையும் அண்ணனின் சாவும் அவனை இழுத்ததால். அந்த இழுப்பை அவன் தேர்ந்தெடுக்கவில்லை. நினைத்த மாத்திரத்தில் மதிப்பை உண்டாக்கிக்கொள்ளலாம் என்றால் அவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

லெவினாஸ் என்ற தத்துவவாதி இந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார் என்று நான் புரிந்துகொள்கிறேன். லித்துவேனியாவில் 1906இல் பிறந்த யூதர், பிரெஞ்சுக் குடிமகனாகிப் போருக்குப் போய் 1940இல் பிடிபட்டு, ஜெர்மனியில் யூதக் கைதிகளைத் தனியாக வைத்திருந்த ஒரு படைக் கைதி முகாமில் காட்டுவேலை செய்தார். லித்துவேனியாவில் இருந்த அவர் குடும்பம் கொல்லப்பட்டது. அந்த முகாமைப் பற்றி அவர் எழுதிய சில பக்கங்களில் ஒரு நாய் வருகிறது. வேலைக்குப் போகும் வழியில் எதிர்ப்படுகிற பெண்களும் குழந்தைகளும்கூட அந்தக் கைதிகளை மனிதர்களாகப் பார்க்காமல் கடந்து போனார்கள். எங்கிருந்தோ ஒரு தெருநாய் முகாமுக்கு வந்து சேர்ந்தது, கைதிகள் அதற்கு பாபி என்று பெயர் வைத்தார்கள். காலையில் வரிசையில் நிற்கும்போதும் சாயங்காலம் திரும்பும்போதும் துள்ளிக் குரைத்து வரவேற்கும். அதற்கு இவர்கள் மனிதர்கள் என்பதில் சந்தேகமே இல்லை. சில வாரங்களில் காவலர்கள் அதை விரட்டிவிட்டார்கள். நாஜி ஜெர்மனியின் கடைசிக் காண்ட்டியவாதி அந்த நாய் என்று எழுதினார் லெவினாஸ், மனிதனை மனிதனாக மதிக்கச் சொன்ன காண்ட்டின் வழியில் அங்கே மிஞ்சியது அது ஒன்றுதான் என்ற பொருளில். பிறகு அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது, எதிரில் இருப்பவரின் முகம் என்னிடம் ஒன்றைக் கேட்கிறது, நான் காரணம் தேடுவதற்கு முன்பே கேட்டுவிடுகிறது என்பதுதான்.

எனக்கு இது மிகையான பேச்சாகப் படவில்லை. 'அறத்துக்கு அடிப்படை காட்டு, அப்புறம் நடக்கிறேன்' என்று கேட்கிறவன் யார் என்று யோசியுங்கள். நன்றாக வளர்ந்த, பேசத் தெரிந்த, தனியாக நிற்கிற ஓர் ஆள். ஆனால் அப்படி யாரும் உலகத்துக்கு வருவதில்லை. பிறந்த மனிதக் குழந்தையால் தானாகத் தலையைக்கூடத் தூக்கிப் பிடிக்க முடியாது. நான் என்று சொல்லத் தெரிவதற்கு முன்பே, என் அழுகைக்கு யாரோ ராத்திரி எழுந்து வந்திருக்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் மொழியே அப்படி எழுந்து வந்தவர்களிடமிருந்து வாங்கியது. அதனால் நாம் பிறர் உதவி வேண்டியவர்களாகவும், பிறருக்கு வேண்டப்படுகிறவர்களாகவும் இருக்கிறோம், காயம் படக்கூடியவர்கள், சாகக்கூடியவர்கள். இதற்குக் கீழே இன்னொரு அஸ்திவாரம் தோண்ட வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

அப்படியானால் கொடியவர்கள்? மென்சியஸ் எருதுமலை என்ற ஒரு மலையைக் காட்டுகிறார். பெரிய நகரத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் தினமும் கோடாலி விழுந்தது, இரவுப் பனியில் துளிர்த்ததையும் ஆடுமாடு மேய்ந்தது, இன்று மொட்டையாக நிற்கிறது, பார்க்கிறவர்கள் இங்கே மரமே இருந்ததில்லை என்று நினைக்கிறார்கள். வறுமை, போர், சாதி வெறி, சின்ன வயதில் பட்ட அடி எல்லாம் கோடாலிகள்தான். இதனால் குற்றம் செய்தவர் பொறுப்பில்லாதவர் ஆகிவிடுவார் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அவரைப் பார்த்துவிட்டு மனித இயல்பே இதுதான் என்று முடிவு கட்டுவது மொட்டை மலையைப் பார்த்துக் காட்டைப் பற்றிப் பேசுவது.

கடைசியாக, 'எனக்கு எதுவும் திக்கென்று ஆகவில்லை, நான் ஏன் கவலைப்பட வேண்டும்' என்று ஒருவன் கேட்டால்? அவனைக் கட்டிப்போடுகிற வாதம் எதுவும் கிடையாது, இருப்பதாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் பெரும்பாலும் நம் நிலை அதுவல்ல. மன்னன் சுவானிடம் மென்சியஸ் அந்தப் பேச்சில் மேலும் சொன்னதைக் கேளுங்கள். டாய் மலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வடகடலைத் தாண்டச் சொன்னால் முடியாது என்பது உண்மை. ஒரு பெரியவருக்காகக் கிளையை ஒடித்துத் தரச் சொல்லும்போது முடியாது என்றால் அது செய்ய மாட்டேன் என்பது. ஒரு எருதுக்கு இரங்கத் தெரிந்த உங்களுக்கு உங்கள் குடிமக்களுக்கு இரங்க முடியாதா என்றார். அந்தக் கிளை ஒடிப்பது என்ற வரிக்கு, பெரியவரின் கைகால் பிடித்துவிடுவது என்று வேறு ஒரு உரையும் உண்டு.

நான்காம் நாள் காலையில் ஜன்னலோரக் கட்டிலுக்குப் போய், டீ வாங்கப் போகிறேன், பிளாஸ்க்கைக் கொடுங்கள் ஐயா என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, மூடியைத் திறந்து, உள்ளே மிச்சம் இருந்ததைத் தம்ளரில் ஊற்றி வைத்துக்கொண்டு, "சர்க்கரை வேண்டாம்னு சொல்லு தம்பி" என்று நீட்டினார்.